இழுத்து வந்த போட்டு

உறக்கத்துக்குப் பயந்த ஒருவன் படகு வேலை கற்றுக்கொள்ளப் போன கதை இது.

அவன் பெயர் சூசைமிக்கேல். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கரையில், ஐஸ் கம்பெனியில் ராக்காவல். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடிகாலையில் ஊரே கடலைப் பார்த்து நடக்கும்போது அவன் ஒருவன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வருவான். வந்தும் வீட்டுக்குப் போகமாட்டான். கம்பெனிக்குப் பின்னால் உமி மூட்டைகள் அடுக்கிய கொட்டகை; அங்கே ஒரு சாக்கை விரித்துச் சாய்வான். பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடிக் கிடப்பதெல்லாம் உறக்கமா? கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரியே நடமாடுவான்.

வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி தொம்மையம்மாள் காலமான வருஷம் பூட்டியது. மகள் ஜெனோவாவை அக்கா வீட்டில் விட்டு வளர்த்தான், அங்கிருந்தே கட்டியும் கொடுத்தான். சாவி மட்டும் அவன் கழுத்தில், மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்ந்து தொங்கியது.

மதலேன் அந்தக் கரையில் ஃபைபர் போட்டுகளை, அதாவது கண்ணாடியிழைப் படகுகளைச் செப்பனிடுகிறவள். மிக்கேலைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். 'ஆசான்' என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். கேலி செய்தவர்களின் போட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக அவள் கைக்கு வந்துபோனபின் கேலி உதிர்ந்து பெயர் நின்றுவிட்டது.

ஒருநாள் காலையில் மிக்கேல் அவள் முன்னால் போய் நின்றான்.

"ஆசான், பழைய மோட்டார் போட்டு ஒண்ணு வாங்கிட்டேன். தெக்கே ஒரு கரையில கெடக்கு. எஞ்சின் மூச்சு விடல. கட்டித்தான் இழுத்தாரணும்."

"எதுக்கு அண்ணாச்சி இந்த வயசுல?"

"அதை ஓட்டிப் பொழைச்சா ராவேலையை விட்டுரலாம்லா. மக தலைப்பிள்ளைப்பேறுக்கு வாரேங்கா. நம்ம வீட்டுக்கேதான் வருவாளாம்."

"வரச் சொல்லுங்க."

"போட்டு தண்ணியில இறங்கட்டும், பெறவு பாப்போம்னு சொல்லியிருக்கேன்." அவன் கை கழுத்துச் சாவிக்குப் போனது. "ராத்திரி அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது ஆசான். அவ போன மறு மாசமே காவல் வேலைக்குச் சேந்தேன். அது மட்டும் கெடைக்காம இருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன். இத்தன வருஷம் முங்காம என்னைத் தூக்கிப் பிடிச்சது அந்த வேலைதான். இப்போ அதை எப்படி விடுறது? நீங்க சொல்லுங்க."

மதலேன் கையில் இருந்த உப்புத்தாளைத் தட்டி மடித்தாள்.

"போட்டைப் போய்ப் பாப்போம்" என்றாள்.

அதே கரைக்காரன் கஸ்பாரின் போட்டுதான் இழுக்க வந்தது. கஸ்பாருக்கு வாய் அடங்காது. பழைய போட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை வித்தவன் ஊரைக் காலி பண்ணிட்டானா, இல்ல இங்கதான் இருக்கானா?" என்று கேட்டான்.

பழைய போட்டில் மிக்கேல் சுக்கானைப் பிடித்துக்கொண்டான். மதலேன் போட்டின் முன்முனையில், முன்னணியத்தில் உட்கார்ந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு நீளமாக இருப்பதாக அவனுக்குப் பட்டது.

"குறைச்சிக் கட்டலாமே ஆசான்? சீக்கிரம் போயிரலாம்."

"கிட்டப் போனா ரெண்டும் முட்டும்."

கரை மறைந்தது. காற்று எதிராகவும் இல்லை, அலையும் பெரிதாக இல்லை. ஆனாலும் கயிறு விறைத்து முனகியது. முன்னால் கஸ்பாரின் எஞ்சின் கறுப்புப் புகையாகக் கக்கியது.

"வே மிக்கேல் அண்ணாச்சி!" என்று கத்தினான் அவன். "போட்டைக் கட்டிவிட்டியளா, பாறையைக் கட்டிவிட்டியளா? தண்ணியை இறைச்சுக் கொட்டும்!"

மிக்கேல் தளத்தைப் பார்த்தான். தண்ணீர் இல்லை. பலகையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளங்கை அளவுதான் தேங்கியிருந்தது. அதையும் தகரக் குவளையால் வழித்து ஊற்றினான். பாரம் குறையவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லையே!" என்று திருப்பிக் கத்தினான்.

மதலேன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கயிற்றுக்கே திரும்பினாள்.

உருளைக் கட்டைகளின் மேல் போட்டைக் கரையேற்றியபோது, வழக்கமாக இழுக்கும் ஆள் பற்றாமல் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் மதலேன் ஒரு மரச்சுத்தியலை அவன் கையில் கொடுத்தாள்.

"அடியைத் தட்டிக்கிட்டே வாங்க. அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

அவன் தட்டினான். அணியத்தில் டங் டங் என்றது. நடுவில் வந்ததும் தொப் தொப் என்றது, ஈர மணலைத் தட்டுவதுபோல. இரவெல்லாம் விழித்த காது. ஐஸ் இயந்திரத்தின் இரைச்சல் இன்னும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்லுது?"

"நல்லாத்தான் இருக்கு ஆசான். மேலதான் கீறல்."

"சரி. கீறலைப் பாருங்க."

அவன் கீறலைப் பார்த்தான். காலைதோறும் காவல் முடிந்து நேரே வந்துவிடுவான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஃபைபர் தூள் கழுத்திலும் கையிலும் ஏறி அரித்தது. ரெசின் பசையைக் குழைத்து, ஃபைபர் இழைப் பாயை விரித்து, பிரஷ்ஷால் அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழை விரட்டினான். மதலேன் ஒரு மடிப்பு போதும் என்ற இடத்தில் அவன் இரண்டு போட்டான். சந்தேகம் வந்த இடத்தில் மூன்று. நின்றபடியே சில நேரம் கண் சொக்கும். பிரஷ் கையில் காய்ந்துவிடும்.

"போய்ப் படுத்துட்டு வாங்க" என்பாள் மதலேன்.

"இன்னும் கொஞ்சந்தான்."

மகள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பா, வளைகாப்பு ஞாயித்துக்கிழமை. வளை போட்ட கையோட தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதானே முறை. நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு மாமியார் கேக்காங்க. வரலேன்னா இங்கேயே பெத்துக்கிடுதேன். சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"போட்டு ரெண்டு நாள்ல இறங்குதும்மா. இறக்கிட்டுச் சொல்லுதேன்."

"எப்பவும் போட்டுதானா?" அவள் அழவில்லை. அதுதான் அவனை வாட்டியது.

எஞ்சினை மெக்கானிக் சரி செய்து கொடுத்தான். மிக்கேல் அடிக்குக் கறுப்பும் மேலுக்கு நீலமும் அடித்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு மஞ்சள் கோடு இழுத்தான். போட்டு மிதக்கும்போது தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தெரிய வேண்டிய கோடு. நாலு பேர் நின்று பார்த்தார்கள். புதுப்பெண் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

போட்டு தண்ணீரில் இறங்கியது.

மஞ்சள் கோடு மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போய் மறைந்தது.

கஸ்பார் வாயைத் திறந்தான். மிக்கேலின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாயைத் தானாக மூடி அந்தக் கரை பார்த்தது அதுதான் முதல் தடவை.

மிக்கேல் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே அந்தத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

"மேல ஏத்துங்க" என்றாள் மதலேன்.

போட்டு மறுபடி மணலுக்கு வந்தது. அவள் டிரில்லை எடுத்துக்கொண்டு போட்டின் நடுப்பகுதிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். அவன் பார்த்துப் பார்த்துத் தேய்த்து, மூன்று மடிப்புப் போட்டு மூடிய அதே இடத்தில் டிரில்லின் முனையை வைத்தாள்.

"ஆசான்! அடியில ஓட்டை போடுதீங்களா?"

"ஆமா."

"உங்களுக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? போட்டு அது!"

டிரில் இரைந்தது. கறுப்புத் தூள் சிதறியது, பிறகு வெள்ளைத் தூள். அவள் முனையை வெளியே இழுத்ததும் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பழுப்புத் தண்ணீர். கடல் நாற்றம் இல்லை அது. பூட்டிக் கிடந்த அறையின் நாற்றம்.

மிக்கேல் குனிந்து நின்று பார்த்தான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மணல் குழிந்தது, குழி நிரம்பியது, வழிந்து சிறு வாய்க்காலாகக் கடலைத் தேடி ஓடியது. கஸ்பார் ஒரு பீடியைப் பற்றவைத்து, முடித்து, காலடியில் தேய்த்தான். அப்போதும் விழுந்துகொண்டிருந்தது.

"எங்க இருந்து வருது இது?"

மதலேன் எழுந்து போட்டுக்குள் ஏறினாள். தளத்தில் ஒரு சதுரம் அறுத்து எடுத்தாள். அதற்கடியில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே கை விட்டுப் பிய்த்து எதையோ அவன் முன்னால் போட்டாள். ஊறிக் கறுத்த ஃபோம். ஒரு தலையணை அளவுதான் இருக்கும். அவன் தூக்கப் பார்த்தான். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"யாரு இதை உள்ள வச்சது?"

"போட்டைக் கட்டினவன்."

"எதுக்கு?"

"போட்டு கவுந்தாலும் முங்கிரக் கூடாதுல்லா? அதுக்குத்தான்."

அவன் அதை அழுத்தினான். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது.

"அப்போ அவன் மேல தப்பில்ல."

"தப்பே இல்ல. இது இருந்துதான் அன்னைக்குப் போட்டைத் தாங்கிச்சு."

"இப்போ?"

"இப்போ போட்டு இதைத் தாங்குது."

மிக்கேல் அந்த ஃபோமைக் கீழே வைத்தான். வைத்தபின்னும் கை விரிந்தபடியே இருந்தது. மதலேனை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டான்.

"இழுத்துட்டு வரும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிட்டுதா?"

"தெரிஞ்சிது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஆசான். இவ்வளவு ரெசின், இவ்வளவு பெயிண்ட்டு..."

"சொல்லியிருந்தா ஓட்டை போட விட்டிருப்பீங்களா?"

அவன் கழுத்துக் கயிற்றை விரல் நெருடிக்கொண்டிருந்தது.

"ஊறினதைப் பூரா எடுக்கணும்" என்றாள் மதலேன். "எடுத்துட்டுத் திறந்து போட்டிரணும். வெயிலும் காத்தும் உள்ள போகட்டும். சொட்டு நின்னு, உள் ஓடு காஞ்ச பெறவு புதுசு வச்சு மூடலாம்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள காயாதே."

"காயாது."

"போட்டு இறங்கினதும் சொல்லுதேன்னு மககிட்ட சொல்லிட்டேனே. வாரேன்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா? இன்னைக்குச் சொன்னாத்தான் உண்டு."

மதலேன் போட்டிலிருந்து இறங்கி வந்தாள். அவன் கழுத்தைப் பார்த்து, "அதைக் கழட்டுங்க" என்றாள்.

அவன் உத்தரியக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினான். வியர்வையும் உப்பும் ஏறிச் சாவி துருப்பிடித்து, நிறம் மாறியிருந்தது. அவள் அதை வாங்கி, அவன் கீறலைத் தேய்த்த அதே உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தாள். எண்ணெய்க் குப்பியைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டாள். வேட்டித் துண்டொன்றால் துடைத்து அவன் கையில் வைத்தாள்.

போட்டின் அடியிலிருந்து தண்ணீர் இப்போது தாரையாக விழவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆசான்" என்றான் மிக்கேல். "ராத்திரி அங்க எனக்கு உறக்கம் வருமா?"

மதலேன் எண்ணெய்க் குப்பியையும் அவன் கையில் கொடுத்தாள்.

"உப்புக்காத்துல வீட்டுப் பூட்டு இறுகிக் கெடக்கும். வேகமாத் திருகிராதீங்க அண்ணாச்சி. எண்ணெயை விட்டுட்டு வாசப்படியில கொஞ்ச நேரம் உக்காந்திருங்க."