செங்கமலம் கேட்ட வரம்

"காவி எப்போ தருவீங்க, சாமி?" என்று கேட்டான் கயிலாசம்.

மலையடிவாரத்து மடத்துக்கு அவன் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. தலையை மழித்தாயிற்று, உப்பைக் குறைத்தாயிற்று. வேட்டி மட்டும் இன்னும் வெள்ளை. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள்கூடக் காவி கட்டிவிட்டார்கள். இவன் இரண்டுங்கெட்டானாக நின்றான். எல்லாவற்றையும் துறந்தவனுக்கு அந்த வயிற்றெரிச்சலை மட்டும் துறக்க முடியவில்லை.

குரு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கேட்டுட்டு வந்தியா?"

"கேட்டேன் சாமி. தலையாட்டினா."

"அப்போ அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

கயிலாசம் யோசித்தான். "கைக்குழந்தைக்கு மாந்தம். மடியில போட்டு மருந்து புகட்டிட்டிருந்தா."

"முழுங்குடின்னு குழந்தைக்குத் தலையாட்டினாளா, உனக்கு ஆட்டினாளா?"

கயிலாசத்துக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு ஆள் அனுப்பு" என்றார் குரு. "அவ வாயால சொல்லட்டும். சொன்னா உனக்குக் காவி."

அவன் மனைவி செங்கமலம் வந்தாள். அன்றைக்கு மருந்து குடித்த பெண் குழந்தை, இப்போது வளர்ந்து, இடுப்பில் தூங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் கயிலாசத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பாசத்தில் அல்ல. இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவள் அழவில்லை, ஏசவில்லை.

"குடுத்துடுங்க சாமி" என்றாள். "போனவரு போனவருதான். அவரு துணி என்ன நிறமா இருந்தா எனக்கென்ன?"

கயிலாசத்துக்குப் போன உயிர் வந்தது.

குரு அவனைப் பார்க்கவில்லை. "உனக்கு என்ன வேணும்?" என்றார்.

செங்கமலம் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"உன்னைத்தாம்மா. இங்க வர்றவங்க ஞானம் கேப்பாங்க, முக்தி கேப்பாங்க. நீ என்ன கேக்குற?"

செங்கமலம் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தூங்கணும் சாமி" என்றாள். "மாமியா கூப்பிடாம, மாடு கூப்பிடாம, இவ கூப்பிடாம. ஒரே ஒரு பொழுது."

சீடர்கள் சிரித்தார்கள். குரு சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியதைக் கயிலாசம் அன்றுதான் பார்த்தான்.

"தியான அறையில பாயைப் போடுங்க."

மூத்த சீடர் பதறினார். "சாமி, அந்தப் படியைப் பொம்பளைங்க மிதிச்சதே இல்லையே!"

"மிதிக்கட்டும். நம்மளை யாரும் கூப்பிடாத இடம் அது ஒண்ணுதான்."

செங்கமலம் குழந்தையோடு உள்ளே போகத் திரும்பினாள். குரு எழுந்து வந்தார். குழந்தையை மெல்ல வாங்கிக் கயிலாசத்தின் தோளில் போட்டார். வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மதியம் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

கயிலாசம் தட்டிக்கொடுத்தான். தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தான். அழுகை கூடியதே தவிர குறையவில்லை. பசியா, பயமா, வயிற்றுவலியா? இவ்வளவு நாளாக இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று அவன் ஒரு தரமாவது நினைத்துப் பார்த்திருந்தால்தானே! பழக்கதோஷம், கதவைத் தட்டப் போனான்.

வாசலை மறித்துக் குரு உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

கயிலாசம் திரும்பி வந்தான். மடைப்பள்ளியில் கொஞ்சம் கஞ்சி வாங்கி, ஆற்றிப் புகட்டினான். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி அவன் மேல் வழிந்தது. வேட்டி முனையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டான்.

அழுகை நின்றது. குழந்தை அவனுடைய மொட்டைத் தலையை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, பெரியவர்களைக் கண்டால் செய்யச் சொல்லி அம்மா பழக்கியிருந்தபடி, இரண்டு கையையும் கூப்பியது.

"சாமி, எங்கப்பா இங்கதான் இருக்காருன்னு அம்மா சொல்லிச்சு. நீங்க பாத்தீங்களா?"

கயிலாசம் அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல தாயி" என்றான். "நானும் இன்னும் பாக்கல."