பொறியனுக்காகக் கத்தின கரிச்சான்

மானுக்கு ஏது பரீட்சைன்னா கேக்குற? நல்லா கேட்ட போ! பரீட்சை இல்லாமலா அத்தனை மானும் உசுரோட திரியுது? படிப்புன்னா பெஞ்சும் பலகையும் இருக்கணும்னு நீயா நெனச்சுக்கிட்டா ஆச்சா? சரியாக் கத்தத் தெரியணும். அதுதான் அதுங்க படிப்பு. குறுக்க பேசாம கேளுடி தேவகி.

குளத்தங்கரைக் காட்டுல பொறியன்னு ஒரு இளம் புள்ளிமான் இருந்தான். சாப்பாட்டுல கெட்டிக்காரன், தூக்கத்துல அதவிடக் கெட்டிக்காரன். அவனுக்குப் பரீட்சை வந்துச்சு. காத்துல வர்ற வாசனைய மோந்து பாத்து, வர்றது யாருன்னு கண்டுபுடிச்சுக் கத்தணும். நீட்டி ஒரே கத்துன்னா புலி. ஆளுக்கொரு மூலையாச் செதறணும். ரெண்டு ரெண்டாக் கத்தினா சிறுத்தை. மரத்தடிய விட்டு வெட்டவெளிக்கு ஓடணும். துண்டு துண்டாக் கத்தினா செந்நாய், குளத்துல எறங்கிடணும். மாத்திக் கத்தினா மந்தையே போச்சு.

பரீட்சை வைக்கிறவரு கிழட்டுக் கடமான். புதருக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் குட்டி. நடுவுல புதர் எதுக்குன்னா, அது ஒரு கூத்து. முன்னெல்லாம் நேருக்கு நேராத்தான் நிப்பாட்டினாங்க. ஒரு குட்டி அவரு கொம்பப் பாத்து மயங்கி விழுந்துச்சு. தெளிஞ்சு கண்ணத் தொறந்தா மறுபடி கொம்பு, மறுபடி மயக்கம். "எம்புள்ளையக் கொல்லப் பாக்குறீங்களா?"ன்னு அதோட அம்மா வந்து போட்ட சண்டையில கடமானுக்கே மயக்கம் வந்துருச்சாம். அன்னியிலேருந்து புதர்.

பரீட்சைக்கு மொத நாளு பொறியன் தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னான். வால் ரெண்டாப் பொளந்த ஒரு கரிச்சான் குருவி வந்து முதுகுல உக்காந்துச்சு.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"நாளைக்குப் பரீட்சைண்ணே! ஒண்ணுமே படிக்கல!"

"அட, இதுக்கா? ராஜா மாதிரி இருக்க, நீ போய் மண்ண மோந்துகிட்டுத் திரியலாமா? உனக்குப் பதிலா நான் கத்திடறேன். புதர்தான் மறைக்குதே!"

கரிச்சானுக்கு வராத கொரலே கெடையாது. ஒருதரம் பருந்து மாதிரி கத்தி மைனாக்களையெல்லாம் வெரட்டிட்டு, அதுங்க போட்டுட்டு ஓடின புழு அத்தனையும் தின்னுச்சு. அப்புறம் வயித்து வலி தாங்காம பூனை மாதிரி கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. திரும்பி வந்த மைனாங்க அதக் கேட்டு மறுபடியும் ஓடுச்சுங்க. அது கெடக்கட்டும்.

"மாட்டிக்க மாட்டோமாண்ணே?"

"போன வருஷம் எவனாவது மாட்டினானா?"

"கூலி?"

"நான் சொல்ற புல்லுல நட. வெட்டுக்கிளி பறக்கும், நான் புடிச்சுக்கறேன். அம்புட்டுத்தான்!"

மறுநாள் பொறியன் வாய மூடிக்கிட்டு நின்னான். புலி ஒரசின பட்டை, சிறுத்தை ஒரசின பட்டை, செந்நாய் படுத்த சருகுன்னு கடமான் ஒவ்வொண்ணா வெச்சாரு. கரிச்சான் கத்துச்சு. மந்தையிலயே பொறியன்தான் முதல் மார்க்கு.

அப்புறம் ஆரம்பிச்சுது நடை. காலையில முள்ளுக்காடு, மத்தியானம் கோரைப்புல்லு, பொழுது சாயறப்போ சேத்துக்காடு.

"கால் வலிக்குதுண்ணே! போதும்ணே!"

"போதும்னா போதும் தம்பி. அப்படியே கடமான் பெரியவரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

பொறியன் நடந்தான். படிச்சிருந்தா இதுல பாதிகூட நடந்திருக்க வேண்டாம்.

கோடை வந்துச்சு. மந்தை முழுக்க ஒரே குளத்துலதான் தண்ணி குடிச்சாகணும். முதல் மார்க்கு வாங்கினவனத்தானே காவலுக்கு நிப்பாட்டுவாங்க? பொறியன நிப்பாட்டிட்டாங்க. அவன் அம்மாவுக்குப் பெருமை தாங்கல.

"எம்புள்ள காவல் இருக்கான். இன்னிக்குத்தான் நான் தலையத் தூக்காம வயிறு நெறையத் தண்ணி குடிக்கப் போறேன்!"

சொன்ன மாதிரியே மூக்கு தண்ணியில படுற அளவுக்குத் தலையக் குனிஞ்சுகிட்டா. அந்த நேரம் பாத்துக் காத்து திரும்புச்சு. என்னமோ ஒரு வாசனை. பொறியன் முதுகுப் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இது யாரு வாசனைண்ணே? சீக்கிரம் சொல்லுங்க!"

முதுகுல இருந்த கரிச்சான் எறக்கையக் கோதிக்கிட்டே சொல்லுச்சு: "எனக்கென்ன தெரியும்? நான் என்னிக்கு மோந்தேன்?"

"பரீட்சையில அத்தனையும் சரியாச் சொன்னீங்களே!"

"பெரியவரு வருஷா வருஷம் அதே வரிசையிலதான் வைக்கிறாரு. மொதல்ல புலி, அப்புறம் சிறுத்தை, அப்புறம் செந்நாய். வரிசைதான் எனக்கு மனப்பாடம். போன வாரம் புலி வந்துச்சுல்ல? அப்ப இன்னிக்குச் சிறுத்தை!"

பொறியனுக்கு வேற வழி தெரியல. ரெண்டு ரெண்டாக் கத்தினான். மந்தை முழுக்க வெட்டவெளிக்குப் பாஞ்சுது. அங்க புல்லுக்குள்ள செந்நாய்க் கூட்டம் வட்டம் கட்டிப் பதுங்கி உக்காந்திருந்துச்சு. கரிச்சான் பறந்து போயிருச்சு.

"ஐயோ! எனக்குத் தெரியாது! நான் படிக்கவே இல்ல!"ன்னு பொறியன் அலறினான்.

இப்படி ஒரு கத்த எந்த மானும் கேட்டதில்ல. எல்லாம் தெகைச்சு நின்னுச்சுங்க. அவன் அம்மா மட்டும் மூக்கத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தா. துண்டு துண்டாக் கத்தினா. மந்தை திரும்பிக் குளத்துல விழுந்துச்சு. கத்த நின்னதால அவதான் கடைசி. தொடையில ஒரு கடி விழுந்துச்சு. ரத்தத்தோட தண்ணியில எறங்கினா.

கழுத்தளவு தண்ணியில எல்லாரும் நின்னாங்க. கரையில செந்நாய்ங்க நாக்கத் தொங்கப் போட்டுட்டு நின்னுச்சுங்க. பக்கத்துல முங்கிக் கெடந்த கடமான் கேட்டாரு, "முதல் மார்க்கு! என்னப்பா கத்து அது?"

பொறியன் எல்லாத்தையும் சொல்லிட்டான். கடமான் கொம்பத் தாழ்த்திக்கிட்டாரு.

"வருஷா வருஷம் ஒருத்தன் விடாம பாஸாகுறானேன்னு பாத்தேன். நான் நல்லாச் சொல்லிக் குடுக்கறேன்னு நெனச்சுட்டேன்."

கரிச்சானுக்குக் கூலி குடுத்த இன்னும் ரெண்டு மூணு மான் தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க.

கொஞ்ச நேரத்துல செந்நாய்ங்க கண்ணுல படாமப் போனதும் பொறியன் கேட்டான், "அம்மா, ரொம்ப வலிக்குதா?"

"வலி கெடக்கட்டும். கரையில புதர் மறைக்குது, எனக்குக் கண்ணு இருட்டுது. மோந்து பாத்துச் சொல்லு. இருக்கானுங்களா, போயிட்டானுங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா மறுபடி மோந்து பாரு. நீ சொன்னாத்தான் நான் கரையேறி நடப்பேன்."

பொறியன் மூக்கத் தூக்கினான். சேறு, அல்லி, அம்மாவோட ரத்தம். அதுக்கும் அடியில ஈர ரோமத்து வாடை.

"இருக்கானுங்கம்மா! நகராத!"

புதருக்குப் பின்னாடி ஒரு செந்நாய் தும்முச்சு. அம்மா நகரல. பொழைச்சா.

கூலி குடுத்து அடுத்தவன வெச்சுப் படிச்சா பேரு மட்டும்தான் நமக்கு வரும். ஆபத்து வர்றப்போ அந்தப் படிப்பு வாங்கினவன்கிட்டயும் இருக்காது, வித்தவன்கிட்டயும் இருக்காது.

அடியே தேவகி, தூறல் போடுது பாரு! மாடியில காயுற கூழ்வத்தல உள்ள எடுத்துட்டு வா!