முள் நாற்பதைத் தாண்டவில்லை

"இந்த வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார் இசக்கிமுத்து.

முப்பத்தெட்டு வருடம் பீடிச் சங்கத்துக்காக மைக் பிடித்த மனிதர். ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

செபஸ்தியம்மாள் புறவழிச்சாலையில் டயர் கடை வைத்திருப்பவள். பஞ்சர் ஒட்ட வரும் டிரைவர்கள் அவளிடம் டயரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

"என்ன செய்யுது, அண்ணாச்சி?"

"ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. மேட்டுல இழுக்கல. பிரேக் மிதிச்சா நெனச்ச எடத்துல நிக்கல. முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசுது."

"சக்கரம் மாத்துனீகளா?"

"போன மாசம். குவாரி வண்டியில கழட்டுனது, பெரிய சைஸ். கூட்டத்துல ஜீப்பு உசந்து தெரியணும்ல."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பாக்கத்தான் ஆள் இல்ல."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். வடக்குக் கிளையைச் சங்கத்திலிருந்து நீக்கும் கடிதம். கையெழுத்துப் போட்டாயிற்று. ஆறு மணிக் கூட்டத்தில் வாசிப்பதுதான் பாக்கி.

போன திங்கட்கிழமை, வருடந்தோறும் நடக்கும் மனு கொடுக்கும் ஊர்வலம். ஐம்பது கிலோமீட்டர். ஜீப் முன்னே போகும். பெண்கள் இருவர் இருவராக மொபெட்டில் பின்னே வருவார்கள். இருவர் ஏறிய மொபெட் அதற்கு மேல் போகாது என்பதால், ஜீப் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது அவரே போட்ட விதி. இந்த வருடமும் முள் நாற்பதைத் தாண்டவில்லை.

போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது.

வடக்குக் கிளை வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் மனு வாங்க வேண்டிய அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார்.

"எல்லாரும் விட்டுட்டுப் போனப்போ என்கூட நின்னது அந்த ஒரு கிளைதான். இப்ப அவளுகளுக்கும் சோம்பல் வந்துட்டு. நான் எழுதாத நோட்டீஸா? நான் வாங்காத அடியா? யாருக்காக?"

செபஸ்தியம்மாள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தன் மொபெட்டை உருட்டி வந்து, பின்சீட்டில் ஒரு லாரி டயரை வைத்துக் கட்டினாள். ஓர் ஆள் கனம் இருக்கும்.

"ஏறுங்க. ஜீப்ப நான் ஓட்டுதேன். நீங்க பின்னால வாங்க."

"எனக்குப் பின்னால வந்து பழக்கமில்ல."

"தெரியும்."

அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சாவியைக் கொடுத்தார்.

"வேகமாப் போயிராத."

"நாப்பதுதான்."

ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கினார். மொபெட் உடம்பெல்லாம் அதிர்ந்தது. அதற்கு மேல் முறுக்க எதுவும் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்குள் ஜீப் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது.

நில்லு, நில்லு என்று கத்தினார்.

மைக் ஜீப்பில் இருந்தது.

பாலத்தடியில் அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கண்ணெல்லாம் புழுதியோடு அவர் வந்து சேர்ந்தார்.

"நாப்பதுன்னு சொன்ன?"

"முள்ளு நாப்பதத் தாண்டல, அண்ணாச்சி. சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னுதான் மீட்டர் எண்ணும். பழசவிட இது சுத்துக்குச் சுத்து கூடுதல் தூரம் ஓடுது. அது மீட்டருக்குத் தெரியாது."

"அப்ப அன்னைக்கு நான் எத்தனையில போயிருக்கேன்?"

"நாப்பத்தாறு இருக்கும்."

அவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"பழைய சக்கரத்த மாட்டிரு" என்றார் கடைசியில்.

"நாளைக்குக் கொண்டாங்க, மாட்டிருவோம். இன்னைக்குக் கூட்டத்துக்கு இதுலதான் போவணும்."

"மீட்டரே தப்பாக் காட்டுது. நான் என்ன வேகத்துல போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஜீப் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"பின்னால வர்றவுககிட்டக் கேளுங்க."