பிணையாள் திரும்பிய காலை

“எந்தப் பக்கம் சாயட்டும், அம்மை?”

வெண்காடர் மலையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டார்.

ஓதியம்மை குடிசை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெண்காடரைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் இடைக்கரை நாட்டின் தலைமை மந்திரி, தமக்கு ஒன்று புரியாமல் போனால் இங்கேதான் வருவார். வந்து, அம்மை இருப்பதைவிடத் தாழ்ந்த கல்லாகப் பார்த்து உட்காருவார்.

“முதலில் உட்காரும்,” என்றார் அம்மை. “சாய்வதெல்லாம் பிறகு.”

உட்கார்ந்தார்.

இடைக்கரை சின்ன நாடு. ஒரு ஆறு, அதற்கு இரண்டு கரை, அவ்வளவுதான். வடக்கே மேட்டுநாடு, பழைய வல்லரசு, குதிரைப்படைக்குப் பேர் போனது. தெற்கே ஆழிநாடு, நேற்று முளைத்தது, கப்பல் கப்பலாக வளர்ந்துவிட்டது.

“ஆழிநாட்டார் நம் துறைமுகத்தைக் கேட்கிறார்கள்,” என்றார் வெண்காடர். “பௌர்ணமி வரைக்கும் கெடு. கொடுக்காவிட்டால் ஊரைக் கொளுத்துவார்கள். கொடுத்தால் மேட்டுநாட்டார்…”

நிறுத்திக்கொண்டார்.

“மேட்டுநாட்டார்?”

“மருதி அவர்களிடம் இருக்கிறாள்.”

மருதி அவருடைய ஒரே மகள். மேட்டுநாட்டோடு நட்பாக இருக்கும் நாடு, ஒரு பிள்ளையை அவர்களிடம் பிணையாக விட்டுவைக்க வேண்டும். நட்பு முறிந்தால் பிள்ளை மிஞ்சாது. இடைக்கரை அரசருக்குப் பிள்ளை இல்லை. மந்திரியின் பிள்ளை போனது. அப்போது ஒன்பது வயது அவளுக்கு. மறுநாளே திரும்பிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, பல்லக்கில் ஏறும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

“இத்தனை வருஷம் எப்படி ஓட்டினீர்?”

“மேட்டுநாட்டான் வந்தால் வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொள்வேன். ஆழிநாட்டான் வந்தால் நீலம். இரண்டு பேருக்கும் ஒரே உயரத்தில் ஆசனம், ஒரே அளவில் சிரிப்பு. யாரிடமும் சரி என்றதில்லை. யாரிடமும் முடியாது என்றதும் இல்லை.”

“இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால்?”

“எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.”

அம்மை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வெண்காடருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“நாம் தராசு முள், அம்மை. சின்ன முள்தான். ஆனால் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தத் தட்டுதான் இறங்கும். அது தெரிந்துதான் இரண்டு பேரும் நம் வாசலில் நிற்கிறார்கள்.”

“முள் சாய்வதாலா தட்டு இறங்குகிறது?”

வெண்காடர் காலடியில் கிடந்த கீரைத்தண்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

அம்மை கீரையிலிருந்து ஒரு புழுவை எடுத்து, நோகாமல் புல்லில் விட்டார்.

“ஆழிநாட்டுத் தூதன் கடைசியாக எப்போது வந்தான்?”

“அமாவாசைக்கு முன்னால். அதுவரை தினமும் வந்து உயிரை எடுத்தான். இப்போது எட்டிப் பார்ப்பதே இல்லை. இழுத்தடித்தே அவனைச் சலிக்க வைத்துவிட்டேன்.”

அதைச் சொல்லும்போது முகத்தில் லேசாகப் பெருமை தெரிந்தது.

“மேட்டுநாட்டான்?”

“அவனையும்தான் காணோம்.”

பெருமை இன்னும் கொஞ்சம் கூடியது.

அம்மை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“நாட்டை விடும். மந்திரி வேலையையும் விடும். வெண்காடருக்கு என்ன வேண்டும்?”

யோசிக்கவே இல்லை அவர். “என் மகள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.”

“உள்ளே இருக்கிறாள்.”

வெண்காடருக்கு அது காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. அம்மை ஏதோ தத்துவம் சொல்கிறார் என்று நினைத்து, தலையைக்கூட ஆட்டினார்.

குடிசையின் படல் திறந்தது.

வெளியே வந்த பெண்ணை அவருக்குத் தெரியவில்லை. வாசலில் குனிந்து வந்தவள், நிமிரும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். செத்துப்போன அவர் மனைவி அப்படித்தான் நிமிர்வாள்.

“மருதி?”

“அப்பா.”

எழுந்தார், தடுக்கினார், விழப்போனவரை அவளே பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தார். தலைமை மந்திரி தேம்பித் தேம்பி அழுததை மலைக்காக்கைகள் பார்த்தன.

“உன் அம்மா…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் அப்பா. அங்கே சொன்னார்கள்.”

அம்மை கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அழுகை ஓய்ந்ததும், முப்பது வருஷம் மந்திரியாக இருந்த மூளை மெல்ல விழித்தது.

“தப்பித்தா வந்தாய்?”

“இல்லை அப்பா. அனுப்பிவிட்டார்கள்.”

“யார்?”

“அவர்களேதான்.”

“எதற்குப் பதிலாக? என்ன கேட்டார்கள்?”

“ஒன்றும் கேட்கவில்லை.”

வெண்காடர் அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை நிமிரவில்லை.

“விவரமாகச் சொல்லம்மா.”

வீட்டுக்குப் போகும் வழியில் விடிகாலையில்தான் அம்மையிடம் வந்து சேர்ந்திருந்த மருதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னை எல்லைக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். அங்கே யாரும் எனக்கு நாட்டு நடப்பு எதுவும் சொல்ல மாட்டார்கள். சோற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஆழிநாட்டார் நம்மிடம் நெருங்குகிறார்கள் என்றால் சோற்றில் நெய் மிதக்கும். கோட்டைத் தலைவன் வந்து, உன் தந்தை நலமா என்று என்னையே கேட்பான். காவலும் இரண்டு மடங்காகும்.”

“சரி.”

“அமாவாசைக்கு அப்புறம் நெய் நின்றது. பிறகு குழம்பு நின்றது. ஒருநாள் காவல்காரனையே காணோம். முந்தாநாள் காலையில் ஒருவன் வந்து, இன்னுமா நீ இங்கே இருக்கிறாய் என்றான். வாசலைத் திறந்துவிட்டான்.”

வெண்காடரின் கை அவள் தோளிலிருந்து நழுவியது.

“வழியில் என்ன பார்த்தாய்?”

“நம் ஆற்றங்கரையில் சிப்பாய்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே பானை. பாதிப் பேர் மேட்டுநாட்டுச் சட்டை, பாதிப் பேர் ஆழிநாட்டுச் சட்டை. ஒருவனை ஒருவன் மாமன் மச்சான் என்று கேலி பேசிக்கொண்டு… சாப்பிட்டுவிட்டு, கயிறு பிடித்துக் கரையை அளந்தார்கள்.”

“கயிற்றை யார் பிடித்தது?”

“ஒரு முனை இவன் கையில். மறுமுனை அவன் கையில்.”

மலையடிவாரத்தில் ஆறு தெரிந்தது. அவர் பிறந்த நாளிலிருந்து பார்த்த ஆறு. இந்தக் கரையும் அந்தக் கரையும் வெயிலில் பச்சைப்பசேல் என்று கிடந்தன.

“யாரோடு யார் சண்டை போட்டாலும் நாம் பிழைத்துக்கொள்வோம்,” என்றார் வெண்காடர். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. “அவர்கள் சமாதானம் ஆவார்கள் என்று நான்… நான் ஒருநாள்கூட…”

சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். இரண்டு தோள்களையும் பிடித்தார்.

“நீ திரும்பிப் போ.”

சொன்ன பிறகுதான், சொன்னது தம் வாய்தான் என்று அவருக்குத் தெரிந்தது. தோளை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். தம் கைகளை, வேறு யாருடையவோ போலப் பார்த்தார்.

அம்மை அப்போதுதான் நிமிர்ந்தார்.

“கயிற்றைப் பார்த்த பிறகு உம் மகள் என்ன செய்தாள் என்று நீர் கேட்கவே இல்லையே.”

வெண்காடர் மெல்லத் திரும்பினார். மகளைப் பார்த்தார்.

“திரும்பி ஓடினேன் அப்பா,” என்றாள் மருதி. “கோட்டைக் கதவைத் தட்டினேன். நான் பிணையாக இங்கேயே இருக்கிறேன், என்னை உள்ளே விடுங்கள் என்று கத்தினேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

“யாரும் திறக்கவில்லை.”