இலையில் வைத்த கட்டுரை

கரிசல்காட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் அப்போதெல்லாம் அறைக்கு ஒரு வாசம் இருந்தது. அது எந்தப் பிரிவின் அறை, வரகா, எள்ளா, ஆட்டு வைத்தியமா என்று சமையல்காரி மாடத்தி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

எந்தப் பிரிவை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று முடிவுசெய்யத் தலைநகரிலிருந்து வந்த கமிட்டித் தலைவர் பேனாவைத் திறந்தார். "வெளிநாட்டுப் பத்திரிகையில் அதிகக் கட்டுரை வந்தது ஓட்ஸ் பிரிவுக்குத்தான். அது ஒன்று போதும், மற்றதையெல்லாம் மூடிவிடலாம்."

மதியம் மாடத்தி அவருக்கு இலை போட்டு, நடுவில் ஓர் அச்சடித்த கட்டுரையை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஓட்ஸ் பிரிவுச் சாப்பாடுங்கய்யா. வரகுச்சோறும் எள்ளுத்துவையலும் நீங்க மூடச்சொன்ன பிரிவுல வெளஞ்சது. ஓட்ஸ் இந்த மண்ணுல முளைக்கவே இல்ல. ஏன் முளைக்கலைன்னுதான் ஒம்பது கட்டுரை எழுதியிருக்காக."

தலைவருக்கு நல்ல பசி. கட்டுரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வரகுச்சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பண்ணை வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட இன்றைக்கும் எங்காவது எள் வறுபட்டால் மாடத்திக்கு அந்த அறைகள் நினைவுக்கு வரும். அன்று அங்கே மூடப்பட்டது தலைவரின் பேனா ஒன்றுதான்.