கண்ணுக்குச் சந்தனம்

கல்லூரி ரோபோ அணியில் முதல் வருடம் சண்முகக்கனியைப் பட்டறை கூட்ட விட்டார்கள். இரண்டாம் வருடம் அவள் பாகம் பாகமாகப் பூட்டிய ரோபோவுக்கு அணித் தலைவன், கல்லூரித் தாளாளர் மகன் விக்னராஜ் கோப்பை வாங்கினான். மூன்றாம் வருடம் அவள் எழுதிய புரோகிராமில் அவன் பெயர் ஏறியது.

நான்காம் வருடப் போட்டி நெருங்கியது. ரிமோட்டைத் தொடாமல், ரோபோ தானாகவே பந்தைத் தேடி எடுக்க வேண்டும். பந்தை எங்கே வைப்பார்கள் என்று ஆளுக்கொரு ஊகம்.

“எங்க வச்சாலும் எடுக்கிற மாதிரி நாளைக்குள்ள எழுதிடு. பேரு என்னோடது,” என்றான் விக்னராஜ். அவன் வீட்டில் எல்லாமே தானாக நடந்து பழக்கம்.

“எழுதிடுறேன் கேப்டன். ஆனா எழுதினவர் கையால பூஜை போடணும். அதையும் நீங்களே போட்டுருங்க.”

அவனுக்கு அது மரியாதையாகப் பட்டது. தேர்வுச் சுற்றில், வெளியூர் நடுவர் முன்னால் ரோபோவுக்குச் சந்தனம் வைத்தான். முகப்பில் இருந்த கறுப்பு வில்லைக்குத் தாராளமாகவே வைத்தான். ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றியது. பந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

“எழுதினவர் சரிபண்ணலாம். ரெண்டு நிமிஷம்,” என்றார் நடுவர் அம்மா.

விக்னராஜ் மடிக்கணினியில் மேலும் கீழும் உருட்டினான். “வைரஸ் போல, மேடம்.”

“புரோகிராமுக்கு ஒண்ணுமில்ல மேடம்,” என்றாள் கனி. “கேப்டன் அதோட கண்ணுல சந்தனத்தை அப்பிட்டாரு. எழுதினவருக்குக் கண்ணு எதுன்னு தெரியும்.”

துப்பட்டாவால் துடைத்தாள். ரோபோ நேரே போய்ப் பந்தைக் கவ்வியது.

நடுவர் படிவத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு, கனியிடம் கேட்டு இன்னொன்றை எழுதினார். பிறகு முன்வரிசையில் தாளாளர் உட்கார்ந்திருக்க, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் வாசித்தார்:

“புரோகிராம் எழுதியவர், ம. சண்முகக்கனி.”