இருநூற்று எண்பத்தாறு டிகிரி

தூத்துக்குடியில் இஞ்ஞாசி என்றொரு தண்டல் இருந்தார். முப்பது வருடம் தோணி ஓட்டியவர். காம்பஸில் ஒரு டிகிரியைப் பிடித்தாரென்றால் கொழும்புத் துறைமுகம் கண்ணில் படும்வரை அதைவிட்டு அசையமாட்டார். வீட்டிலும் அப்படித்தான் என்பாள் அவர் மனைவி.

போகும் வழியை இனிமேல் கம்ப்யூட்டரில் வரைந்து தரவேண்டும் என்று தோணி முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் மேப் சாஃப்ட்வேர் படிக்கப் போனார் இஞ்ஞாசி. சொல்லிக்கொடுத்தவள் ஹாஜரா. அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

ஒரே டிகிரியில் போகும் கோட்டை வரைய அவள் கற்றுக்கொடுத்த அன்று, மற்றவர்கள் கொச்சிக்கும் மாலத்தீவுக்கும் வரைந்தார்கள். இஞ்ஞாசி கனடாவில் இருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கு வரைந்தார். இருநூற்று எண்பத்தாறு டிகிரி. கோடு நிலம், கடல் பாராமல், வளையாமல் நெளியாமல் போய்ச் சேர்ந்தது.

மற்றவர்கள் போனபிறகு ஹாஜரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கே யாரு அண்ணாச்சி?"

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். மகள் அமலி. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்த பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனவள். மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் கொடுத்த வாக்கு போயிற்று. அவளாக வந்து மன்னிப்புக் கேட்காமல் பேசுவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். நாலு வருடம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். அம்மாவும் மகளும் பேசுவார்கள். அவர் முற்றத்தில், குரல் கேட்கிற தூரத்தில் நிற்பார்.

"எடுத்த திசையில நிக்கிறதுதானே டீச்சரம்மா சரி?" என்றார்.

ஹாஜரா மவுஸை வாங்கி, அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே இன்னொரு கோடு போட்டாள். அது வில்லாக வளைந்து, வடக்கே ரஷ்யாவையும் தாண்டி ஏறி இறங்கியது.

"இது சுத்து வழி" என்றார் இஞ்ஞாசி.

"அளந்து பாருங்க."

அளந்தார். முதல் கோடு பதினாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வளைந்த கோடு பதிமூன்றாயிரம்கூட இல்லை. நம்பாமல் மறுபடியும் அளந்தார். அதே கணக்குதான் வந்தது.

உலகம் உருண்டை, திரையில் அதைத் தட்டையாக விரித்து வைத்திருக்கிறோம், அதனால்தான் குறுக்கு வழி வளைந்து தெரிகிறது என்றாள் ஹாஜரா. வளைந்த கோட்டில் அங்கங்கே தொட்டு டிகிரியைப் படிக்கச் சொன்னாள். தொட்ட இடமெல்லாம் வேறு வேறு டிகிரி. முந்நூற்று முப்பதில் கிளம்பியது, போய்ச் சேரும்போது இருநூற்று இருபத்து மூன்று.

"வழி நெடுகச் சுக்கானைத் திருப்பிக்கிட்டே இருக்கணுமே."

"ஆமா."

"அப்போ எந்தக் கோடு சரி?"

"ரெண்டும் சரிதான். திரும்பவே கூடாதுன்னா உங்க கோடு. சீக்கிரம் போய்ச் சேரணும்னா இது."

இஞ்ஞாசி திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இதுல முதல் தடவை எங்கே திருப்பணும்?"

ஹாஜரா தூத்துக்குடியின் மேல் விரலை வைத்தாள்.

"கிளம்புற இடத்துலயே."

வெளியே சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அங்கே இப்போ மணி என்ன இருக்கும், டீச்சரம்மா?"

"விடிஞ்சிருக்கும் அண்ணாச்சி. எழுந்திருப்பாங்க."